கருப்பட்டிக்குள் வைத்த மாத்திரை

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை, பால் பொங்கி வருகிற நேரத்தில், பொரிக்கு மறுபடியும் உடம்பு நடுங்க ஆரம்பித்தது.

முதலில் பின்னங்கால்கள் இரண்டும். அப்புறம் தொடை, விலா, தாடை. பல்லும் பல்லும் இடிபடுகிற சின்னச் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. சித்ரலேகா அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

கூடத்து டைல்ஸ் தரையில் விரித்திருந்த கோரைப்பாயில் ஒருக்களித்துக் கிடந்தது பொரி. வெள்ளை உடம்பில் அங்கங்கே பொரி தெறித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள். அதைப் பார்த்துத்தான் ஆறு வயது அனுராதா அந்த நாய்க்கு அப்படிப் பெயர் வைத்தாள். இப்போது அனுவுக்குப் பதினேழு, பொரிக்குப் பதினொன்று.

“அமுக்கிப் பிடிக்காதீங்கம்மா. டாக்டர் சொன்னாங்கல்லா” என்றாள் அனு. ஒரு கையில் செல்போன் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கண் கடிகாரத்தில் இருந்தது.

“பொரி…” என்று கூப்பிட்டாள் சித்ரா.

கண் திரும்பியது. வால் நுனி ஒரே ஒரு தடவை பாயைத் தட்டியது.

“கூப்பிட்டா பாக்கா. அப்போ வலிப்பு இல்ல. ஆனா நாலு நிமிஷம் ஆச்சும்மா. நேத்து ரெண்டுதான்.”

குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு வந்த அவள் கணவன் சிவகணேஷ், தோளில் கிடந்த துண்டை அப்படியே பொரியின் மேல் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். பொரி நடுக்கத்தோடேயே அவன் விரலை நக்கியது.

இந்தத் தொடரை விடாமல் படித்து வருகிறவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டு மாதம் முன்பு பொரிக்குச் சிறுநீரகம் பழுது என்று தெரிந்ததும், பழி வேலைக்கு வந்த ஆறுமுகத்தாய் தலையில் விழுந்தது. கருவாட்டுச் சோறு போட்டு நாயைக் கெடுத்துவிட்டாள் என்று சித்ரா வாசல் கேட்டில் நின்று கத்தினாள். பெருமாள்புரத்தில் அந்தத் தெருவே எட்டிப் பார்த்தது. ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள் பதிலுக்கு ஒன்றே ஒன்று சொன்னாள்: “எதுனாலும் அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க.”

சிவகணேஷைக் கேட்கச் சொன்னதைச் சித்ரா திமிர் என்று எடுத்துக்கொண்டாள்.

---

கால்நடை டாக்டர் ஜமீலா பீவி பொரியின் முன்னங்காலில் சின்னப் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். மூன்று தடவை பார்த்தார். பிறகு ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே கார்த்திகை மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது.

“குளிருக்கு நடுங்குதா டாக்டர்?” என்றாள் சித்ரா.

“குளிரும் உண்டு டீச்சர். மெலிஞ்சுபோச்சுல்லா, உடம்புல சூடு நிக்காது. ஆனா அது மட்டும் இல்ல. சிறுநீரகம் வெளிய தள்ள வேண்டிய கழிவு ரத்தத்துலயே நிக்குது. அது நரம்பைத் தொந்தரவு பண்ணுது. பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சிருக்கு, தசைக்குப் பலம் இல்ல. ரத்த அழுத்தமும் கூடியிருக்கு. மூணையும் சேர்த்துத்தான் பாக்கணும்.”

“சரியாயிருமா?”

“நோய் சரியாகாது. நடுக்கத்தைக் குறைக்கலாம்.” டாக்டர் எழுதத் தொடங்கினார். “தோலுக்கு அடியில சலைன் ஏத்துததை இனிமே தினம் செய்யுங்க. பொட்டாசியப் பொடி சோத்துல கலக்கணும். முதல்ல குமட்டல் மாத்திரை, அரை மணி கழிச்சுச் சாப்பாடு, கொஞ்சம் கொஞ்சமா. அந்தப் பாயை மட்டும் எடுத்துராதீங்க. வழுக்குனா பயத்துலயே இன்னும் நடுங்கும். எப்ப வந்துது, எத்தனை நிமிஷம் இருந்துது, எல்லாம் எழுதி வைங்க.”

பொரியை மடியில் வைத்திருந்த சிவகணேஷ் தொண்டையைச் செருமினான்.

“வலியில நடுங்குதோன்னு தோணுது டாக்டர். வலிக்கு ஏதாவது…”

டாக்டரின் பேனா நின்றது.

“நீங்க மருந்துக்கடை வச்சிருக்கீங்க, உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம் சார். மனுசங்க போடுத வலி மாத்திரை எதுவும் இதுக்கு ஆகாது. ஆடி மாசம் பின்னங்கால் நொண்டுச்சுன்னு சொன்னீங்களே, அப்ப ஏதாவது…”

“இல்ல” என்றான் சிவகணேஷ்.

கேள்வி முடியுமுன்பே பதில் வந்துவிட்டது. அது சித்ராவின் காதில் உறுத்தியது.

ஆடி மாதம் பொரி நொண்டியது. பத்து நாளில் ஓடியாடியது. வேப்பெண்ணெய் தேய்த்துவிட்டேன், பார்த்தாயா என்று கணவன் சிரித்தது அவளுக்கு நினைவு வந்தது. பாட்டில் நிறைய எண்ணெய் அப்படியே இருந்ததும் நினைவு வந்தது.

“ஒருவேளை குடுத்திருந்தா என்ன ஆகும் டாக்டர்?” என்று கேட்டாள்.

“நாள்கணக்கா போயிருந்தா சிறுநீரகம் தாங்காது. ஆனா வயசானாலும் இந்த நோய் வரும் டீச்சர். ஒண்ணைத்தான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்.”

“கருவாடு?”

“உப்பு நல்லதில்லதான். என்னைக்கோ ஒருநாள் தின்ன கருவாட்டுல இவ்வளவு தூரம் வராது.”

சிவகணேஷ் குனிந்து பொரியின் காதைச் சரிசெய்தான். அது சரியாகத்தான் இருந்தது.

---

அவர்களை வீட்டில் இறக்கிவிட்டு அவன் முருகன்குறிச்சியிலிருந்த தன் கடைக்குப் போய்விட்டான். சித்ரா குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மேலநத்தம் என்பதற்கு மேல் ஆறுமுகத்தாயின் விலாசம் அவளுக்குத் தெரியாது. மூன்று இடத்தில் விசாரித்தாள். மழையில் ஆறு செம்மண் நிறமாகச் சுழித்துப் போய்க்கொண்டிருந்தது. ஆற்றைப் பார்த்த சந்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீட்டு வாசலில், மடியில் சொளவு முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள் ஆறுமுகத்தாய்.

சித்ராவைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. இலை, தூள், சுருட்டு, நூல். எழுந்திருக்கவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

“பொரி உசுரோட இருக்குல்லா?” என்றாள்.

“இருக்கு. நடுங்குது. தினம் நடுங்குது.”

இப்போது கை ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்த இலையை எடுத்தது.

“அன்னைக்கு, அவுககிட்ட ஒரு வார்த்தை கேளுங்கன்னு சொன்னியே” என்றாள் சித்ரா. “என்னத்தக் கேக்கச் சொன்ன?”

“அத இப்பக் கேக்கீகளா?”

சித்ரா குடையை மடக்கினாள்.

“வீட்டுல கேட்டீகளா?”

“டாக்டர் கேட்டாங்க. அவுக இல்லன்னுட்டாக.”

ஆறுமுகத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. அது இருமலாக மாறி, அடங்க நேரமானது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“கருப்பட்டிய உடைச்சு, அதுக்குள்ள மாத்திரைய அமுக்கிக் குடுப்பாக அண்ணாச்சி. காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. ஆடி முழுக்கக் குடுத்தாக. ஆவணியிலயும் குடுத்தாக. என்ன மாத்திரை அண்ணாச்சின்னு கேட்டேன். முட்டுவலிக்கு எல்லாரும் போடுததுதான், நான் பாக்காத மாத்திரையான்னாக. மருந்துக்கடைக்காரகளுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுதுன்னு விட்டுட்டேன்.”

“ஏன் அன்னைக்கே சொல்லல நீ?”

“சொல்ல விட்டீகளா?” ஆறுமுகத்தாய் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். “உங்களுக்குப் பின்னாலதான் நின்னாக அண்ணாச்சி. இப்ப வாயத் திறப்பாக, இப்பத் திறப்பாகன்னு அவுக மூஞ்சியவே பாத்துட்டு நின்னேன். உள்ள போயிட்டாக. சொந்தப் பொண்டாட்டிகிட்ட அவுகளே சொல்லாதத நான் தெருவுல வச்சுச் சொல்லணுமாக்கும்?”

மழை கூரையில் சடசடத்தது.

“கருவாட்டுச் சோறு போட்டேன்தான். ஒருநா. நீங்கள்லாம் குத்தாலம் போன அன்னைக்கு. சோத்தத் தொடாமக் கெடந்துச்சேன்னு என் சோத்துல ஒரு கை போட்டேன். மறுநா அத உங்ககிட்ட சொன்னதும் நாந்தான். நான் சொல்லலேன்னா உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அது உண்மை.

“தப்புதான் ஆறுமுகத்தாய். என்னை மன்னிச்சிரு. நாளையில இருந்து வந்துரு.”

“எங்க வர?” அவள் குரல் உயரவில்லை. “உங்க தெருவுல நாலு வீடு பாத்தேன். நீங்க கத்துன மறுநாளே மத்த மூணு வீட்டுலயும் வேண்டாம்னுட்டாக. நாய்க்கு வெசம் வச்சவன்னு பேரு. கருவாடு தெருமுனைக்குப் போறதுக்குள்ள வெசமாயிருச்சு. பீடித் தூசி ஆகாது, நெஞ்சு இளைக்குன்னு சொன்னதுனாலதான் வீட்டு வேலைக்கே வந்தேன். திரும்ப இதுலயே கொண்டாந்து விட்டுட்டீக.”

“நான் என்ன செய்யணும், சொல்லு.”

“இங்கன வந்து மன்னிப்புக் கேட்டா யாருக்குத் தெரியும்? இந்தச் செவுத்துக்கா? எங்க வச்சுப் பேசுனீகளோ அங்கன வச்சுச் சொல்லுங்க. நீங்க மட்டுமில்ல. அண்ணாச்சியும் சொல்லணும்.”

அவள் அடுத்த இலையை எடுத்துச் சுருட்டத் தொடங்கினாள். சித்ரா குடையை விரித்தாள்.

---

சாயங்காலம் ஐந்து மணிக்கே சிவகணேஷ் கடையிலிருந்து வந்துவிட்டான். ஜன்னல் கம்பியில் சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டான். பாட்டிலை முன்பே வெந்நீரில் போட்டு உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். பொரியின் தோள்பட்டைகளுக்கு நடுவில் தொளதொளத்திருந்த தோலைத் தூக்கி, அது அறியாதபடி ஊசியைச் செருகினான். அந்த வேலையில் அவனுக்கு நல்ல கை. வேறு யார் செய்தாலும் பொரி திமிறும். அவனுக்கு மட்டும் தலையை முழங்காலில் சாய்த்துக்கொண்டு கிடக்கும்.

சித்ரா எதிரே உட்கார்ந்து பொரியின் முன்னங்கால்களைப் பிடித்திருந்தாள். ஊசி உள்ளே இருந்தது. கத்த முடியாது, எழுந்து போக முடியாது. பொரி பயந்தால் ஊசி விலகிவிடும்.

“ஆறுமுகத்தாய் வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்” என்றாள் மெதுவாக.

குழாயின் சக்கரத்தில் இருந்த அவன் கட்டைவிரல் நகரவில்லை. சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

“நொண்டிச்சு சித்ரா” என்றான். “முனங்கிட்டே கெடந்துச்சு. பாக்க முடியல. கடையில எத்தனை பேருக்குக் குடுத்திருக்கேன், அதுல பாதிதானே குடுத்தேன்? நடந்துச்சுல்லா! கெடுக்கணும்னா குடுத்தேன்?”

“குடுத்ததக் கேக்கல நான். காலையில டாக்டர் கேட்டப்ப ஏன் இல்லன்னீங்க? டாக்டருக்குச் சொன்னா வைத்தியத்துக்காவது ஆகுமே. அன்னைக்கு நான் கேட்டுல நின்னு அவளக் கிழிச்சேனே, அப்ப ஏன் உள்ள போனீங்க?”

சிவகணேஷ் பாட்டிலை அண்ணாந்து பார்த்தான்.

அறை வாசலில் அனு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

“அம்மா, எனக்குத் தெரியும்” என்றாள். “நாந்தான் கருப்பட்டிய எடுத்துக் குடுத்தேன். அம்மாகிட்ட சொல்லாதன்னாக அப்பா. அம்மா வீணா பயப்படுவான்னாக.”

“ஆறுமுகத்தாய் போனப்புறமும் உனக்குச் சொல்லத் தோணலையா?”

“தோணுச்சு.” அனுவின் உதடு கோணியது. “தினம் தோணுச்சு. சொன்னா பொரியக் கெடுத்தது நானும்தான்னு ஆயிருமேன்னு…”

அவள் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். சித்ரா அவளைக் கூப்பிடவில்லை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேருக்குத் தெரிந்திருந்த விஷயம். தெரியாத ஒருத்தி மட்டும் தெருவில் நின்று கத்தியிருக்கிறாள். கத்தியது தன் வாய்தான், யாரும் சொல்லிக்கொடுத்துக் கத்தவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. எழுபது பிள்ளைகளைப் பரீட்சை அறையில் உட்காரவைத்து ஒரு துண்டுச்சீட்டைக் கண்டால்கூட யாருடையது என்று நான்கு தடவை கேட்கிற டீச்சர் அவள். ஆறுமுகத்தாயிடம் ஒரு தடவை கேட்கவில்லை.

“நாளைக்குத் தெருச் சங்கத்துக் கூட்டம் இருக்கு” என்றாள். “எல்லார் முன்னாலயும் நீங்க சொல்லணும். அவ அதத்தான் கேக்கா.”

“என்னத்தச் சொல்லச் சொல்லுத? இந்தத் தெருவுல அத்தனை வீட்டுக்கும் மருந்து என் கடையில இருந்துதான் போகுது. நாய்க்குக் குடுக்கத் தெரியாமக் குடுத்தவன்னு ஆச்சுன்னா மனுசன் எவன் வருவான்? இருபத்திரெண்டு வருஷமா உண்டாக்குன பேரு சித்ரா.”

“அவளுக்கும் பேரு இருந்துச்சு.”

“அவளுக்கு வேற வீடு கிடைக்கும்” என்றான் சிவகணேஷ்.

பாட்டில் காலியானது. அவன் ஊசியை உருவி, அந்த இடத்தை இரண்டு விரலால் பக்குவமாக நசுக்கிப் பிடித்துக்கொண்டான். பொரி அவன் புறங்கையை நக்கியது. நாக்கு வறண்டு வெளுத்திருந்தது. என்ன கொடுத்தாலும் அவன் கையிலிருந்து வாங்கித் தின்ன அது இப்போதும் தயாராக இருந்தது.

சித்ரா எழுந்து கையைக் கழுவினாள். குமட்டல் மாத்திரையையும் சோற்றுக் கிண்ணத்தையும் எடுத்து அவன் பக்கத்தில் வைத்தாள்.

“மாத்திரை குடுத்து அரை மணி கழிச்சுச் சோறு வைங்க. எப்ப நடுங்குதுன்னு எழுதி வைங்க.”

“நீ எங்க போற?”

“முதல் வீட்டுக்கு.”

---

பக்கத்து வீட்டு சாரம்மாள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஆறுமுகத்தாயை மறுநாளே நிறுத்திய மூன்று பேரில் ஒருவர். கதவைத் திறந்து, “என்ன சித்ரா, மழையில?” என்றார்.

“ஆறுமுகத்தாயைப் பத்தி நான் பேசுனது பொய் டீச்சர். பொரிக்கு ஆகாததைக் குடுத்தது அவ இல்ல. எங்க வீட்டுலதான். ஆடி மாசம் வலி மாத்திரை குடுத்தாக. நான் விசாரிக்காம அவமேல பழி போட்டேன்.”

வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்த வாக்கியங்கள். சொல்லி முடிந்தும் பாரம் இறங்கவில்லை.

சாரம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அடப்பாவமே” என்றார். “நல்ல பொம்பளை. பாத்திரமெல்லாம் பளிச்சுனு வைப்பா. ஆனா என்ன செய்ய சித்ரா? இப்ப வேற ஆள் வச்சாச்சே. அந்தப் பிள்ளைய எப்படி நிக்கச் சொல்ல?”

அவ்வளவுதான். காப்பி குடிக்கிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சித்ரா படியிறங்கினாள். சொன்னால் சரியாகிவிடும் என்று எதை நம்பி வந்தாள் என்று அவளுக்கே புரியவில்லை. ஆனாலும் எதிர்ச்சாரிக்கு நடந்தாள்.

தூறலில் நனைந்தபடி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான் சிவகணேஷ்.

“சித்ரா, உள்ள வா. பைய பேசிக்கிடலாம்.”

அவள் திரும்பவில்லை. தெருச் சங்கத் தலைவர் முத்துமாலையின் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினாள். வெசம் என்ற சொல்லைத் தெரு முழுக்கப் பரப்பியது இந்த வீடுதான் என்று அவளுக்குத் தெரியும்.

முத்துமாலை தானே வந்து கதவைத் திறந்தார். அறுபத்தெட்டு வயது. போன வருஷம்வரை கம்பு ஊன்றி நடந்தவர்.

“வாங்க டீச்சர், வாங்க! அண்ணாச்சி அங்கனயே நிக்காகளே, வரலையா?”

“அவுக வரமாட்டாக. அதான் நான் வந்திருக்கேன். ஒரு விஷயம் சொல்லணும்…”

“சொல்லுங்க, சொல்லுங்க. அதுக்கு முன்ன இதப் பாத்தீகளா?” முத்துமாலை வாசல்படியில் சின்னப் பையனைப் போல இரண்டு தடவை ஏறி இறங்கிக் காட்டினார். “முட்டுவலி போன இடம் தெரியல! எல்லாம் உங்க வீட்டு அண்ணாச்சி குடுத்த மாத்திரை. டாக்டர் சீட்டு எதுக்கு, நான் தாரேன்னு தந்தாக. எட்டு மாசமா ஒருநா விடாமப் போடுதேன்.”

சித்ரா குனிந்து அவருடைய கால்களைப் பார்த்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. நாள்கணக்காகப் போனால் சிறுநீரகம் தாங்காது என்று காலையில் டாக்டர் சொன்னது நினைவு வந்தது.

“ரத்தம் குடுத்துப் பாத்தீகளா அண்ணாச்சி?” என்று கேட்டாள். “எப்பவாவது?”

“எதுக்கு டீச்சர்? நல்லாத்தானே இருக்கேன்?”

தெருவுக்கு அந்தப் பக்கம் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. இவ்வளவு நேரமும் வர மறுத்தவன், செருப்புக்கூடப் போடாமல், மழையில் இறங்கி ஓடிவந்துகொண்டிருந்தான்.